வெங்காயம் போடாத செஞ்சி சால்சா

1

போன வாரம் என் மகளின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. டெக்சாஸுக்கு வந்து பதினேழு வருடம் ஆகிவிட்டது, பள்ளியிலிருந்து அழைப்பு என்றால் எனக்கு இன்னும் இரண்டு பயம். அவர்கள் என்ன சொல்லப்போகிறார்களோ என்பது ஒரு பயம். பதிலுக்கு நான் என்ன உளறித் தொலைக்கப்போகிறேனோ என்பது அதைவிடப் பெரிய பயம். கயல் சின்ன வகுப்பில் இருந்தபோது ஒருமுறை, பிள்ளைக்கு உடம்பு சூடு, எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பிய தாய் என்று பள்ளி நர்ஸ் எழுதி வைத்துக்கொண்டார். அந்தச் சூடு வேறு, இந்தச் சூடு வேறு என்று விளக்க இரண்டு கடிதமும் ஒரு டாக்டர் சீட்டும் தேவைப்பட்டன.

இந்தமுறை பேசியவர் உடல்நலப் பாடம் எடுக்கும் ஆசிரியை. பூர்வீகம் மெக்சிகோ. வீட்டில் அன்றாடம் சாப்பிடும் ஆரோக்கியமான பதார்த்தம் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார். கயல் சால்சாவைப் பற்றி எழுதியிருக்கிறாள். முதல் வரியிலேயே, சால்சா என்பது தமிழ்நாட்டில் செஞ்சி என்ற ஊரில் சாக்குக் கடையில் மத்தியானம் சாப்பிடுவது, அதில் வெங்காயம் போடக் கூடாது என்று தீர்ப்பு.

ஆசிரியை கோபப்படவில்லை. எங்கள் வீட்டில் பரம்பரையாகச் செய்வதை உங்கள் மகள் உங்கள் ஊருக்கு எழுதி வைத்துவிட்டாளே, இதை எங்கிருந்து எடுத்தாள் என்றுதான் சிரித்துக்கொண்டே கேட்டார். எடுக்கவில்லை, அவள் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாள் என்றேன். அதற்குமேல் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதிக்கு என் ஆங்கிலம் ஒத்துழைக்கவில்லை. அவருக்குச் சொல்ல முடியாமல் போனதை உங்களுக்காவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

2

எனக்குச் சால்சா கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டு ரோசா. நான் வந்த புதிதில் அவளுக்கும் ஆங்கிலம் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. அதுவரை சால்சா என்றால் கடையில் பாட்டிலில் விற்கும் சிவப்புக் குழம்பு, வறுவலைத் தொட்டுத் தின்பது என்றுதான் நினைத்திருந்தேன். ரோசா வீட்டில் அது பண்டிகைப் பண்டமும் இல்லை, நொறுக்குத் தீனியும் இல்லை. நம் வீட்டில் துவையலைப் போல மூன்று வேளையும் தட்டில் ஓரமாக உட்கார்ந்திருக்கும். முட்டைக்கு அதுதான், பயறுக்கு அதுதான், வெறுஞ்சோற்றுக்கும் அதுதான்.

செய்முறை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பழுத்த தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்துமல்லி. எல்லாவற்றையும் பொடிப்பொடியாக அரிந்து எலுமிச்சம்பழம் பிழிந்து, இரண்டு விரலால் எடுத்த அளவு உப்பு. அடுப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம். பத்து நிமிடம் அப்படியே விட்டால் தக்காளி தானே நீர் விட்டு எல்லாம் ஒன்று சேர்ந்துவிடும். புளிப்பு தூக்கலாக இருந்தால் நாக்கு உப்பைத் தேடாது என்று ரோசா கையைக் காலை ஆட்டிச் சொன்னாள். அது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகு தயிர்சாதத்துக்கும் தோசைக்கும் எங்கள் வீட்டில் அதுதான் என்று ஆகிவிட்டது. நான் ஒரு பல் மருத்துவமனையில் காப்பீட்டுப் படிவம் நிரப்புகிறவள். ஐந்தரை மணிக்கு வீடு திரும்பி அடுப்பின் முன்னால் நிற்கப் பிடிக்காத நாட்களில் ரோசாவை வாழ்த்திக்கொள்வேன்.

கயலுக்கு ரோசா வீட்டில் பேசிப்பேசி ஸ்பானிஷ் வந்துவிட்டது. பள்ளியில் அதற்குப் பரிசுகூட வாங்கியிருக்கிறாள். தமிழில் அவளுக்கு மொத்தம் நூறு சொல் இருக்கலாம், அதில் பாதி என்னைத் திருப்பித் திட்டுவதற்கு. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் ஸ்பானிஷுக்குப் போய்விடுவாள். அங்கே என்னால் துரத்திப் போக முடியாது.

3

போன வருடம் ஜூனில் அம்மாவுக்கு இரண்டாம் வருடத் திதி. கயலை அழைத்துக்கொண்டு செஞ்சிக்குப் போனேன். போவதற்கு முன்னால் அவளுடைய இந்திய வம்சாவளி அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது என்று ஒருமுறை திரும்பி வந்தது, படத்தில் காது தெரியவில்லை என்று இன்னொரு முறை. இந்தியாவில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் நைனாவின் வீட்டு முகவரியை எழுதினேன். நைனா என்றால் என் அப்பா. அங்கே நாம் வருடத்துக்கு ஒருமுறைகூடப் போவதில்லையே, அது எப்படி நிரந்தரம் என்று கயல் கேட்டாள். படிவத்தில் கேட்கிறார்கள், எழுதுகிறேன் என்றேன்.

திதியைத் தவிர இன்னொரு காரணமும் இருந்தது. நைனாவுக்கு எழுபத்துநாலு வயது. கடைத்தெருவில் சாக்கு, கயிறு, தார்ப்பாய்க் கடை வைத்திருக்கிறார். அந்தப் பங்குனியில் கடையிலேயே தலைசுற்றிச் சாக்குக் கட்டின்மேல் சாய்ந்துவிட்டார். சாக்குக் கடை என்பதால் அடி படவில்லை. ரத்தக் கொதிப்பு எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, இன்னொரு தடவை இப்படி வந்தால் கை காலை இழுத்துக்கொள்ளும், மாத்திரை மட்டும் போதாது, உப்பை விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பளத்தை விட்டார், கடைக் காரத்தை விட்டார். ஊறுகாயை மட்டும் விட மாட்டேன் என்றார். அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு, அம்மா போடுவது போலவே அண்ணி போட்டுக்கொடுக்கும் எலுமிச்சை ஊறுகாய். வீடியோ அழைப்பில் அண்ணி இதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

"நான் சொன்னா கேக்க மாட்டாரு சுமதி. மருமவ சோத்துல கை வெக்கறான்னு நெனப்பாரு. நீ வந்து சொல்லு, நீ பொண்ணு."

மூன்று வாரம் விடுமுறை. அதற்குள் ஊறுகாயை நிறுத்தி அந்த இடத்தில் சால்சாவை உட்காரவைப்பது என்று விமானத்திலேயே முடிவு செய்துவிட்டேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊரைத் திருத்தும் ஆசை எப்போதும் உண்டு. நான் மட்டும் விதிவிலக்கா?

4

போன மறுநாளே களத்தில் இறங்கினேன். நாட்டுத் தக்காளி, சின்ன வெங்காயம், எங்கள் ஊர்ப் பச்சை மிளகாய். ரோசா பார்த்தால் பொறாமைப்படுவாள், அவ்வளவு நன்றாக வந்திருந்தது. காலையில் இட்லிக்கு வைத்தேன். நைனா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பச்சைத் தக்காளி வயிற்றைக் கெடுக்காதா என்று என்னைக் கேட்காமல் அண்ணியைக் கேட்டார். பிறகு நான் பார்க்கிறேன் என்பதற்காக ஒரு கரண்டி சாப்பிட்டு, நல்லாத்தான் இருக்குது என்றார். நான் குதித்தேன்.

அன்று மத்தியானம் டிபன் கேரியரில் ஒரு டப்பா சால்சா போனது. அப்படியே திரும்பி வந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாவது நாள் நான் கயலோடு துணிக்கடைக்குப் போயிருந்தபோது அண்ணி அடுக்களையில் தனியாக இருந்திருக்கிறாள். நான் அரிந்து வைத்துவிட்டுப் போன சால்சாவைப் பார்த்திருக்கிறாள். வெயில் நெருப்பாகக் காய்கிறது, பச்சையாக அனுப்பினால் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் நுரைத்துவிடும், பெரியவர் வயிறு என்ன ஆகும் என்று கவலை. வாணலியில் ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கடுகு, பெருங்காயம் தாளித்து, சால்சாவைக் கொட்டிச் சுண்ட வதக்கி, கெடாமல் இருக்க இன்னும் இரண்டு ஸ்பூன் உப்பும் போட்டு அனுப்பிவிட்டாள். நான் திரும்பி வந்தபோது வீடெல்லாம் தக்காளித் தொக்கு வாசனை.

"பச்ச வாசன அடிச்சுது. அதான் லேசா தாளிச்சேன்" என்றாள், எனக்கு ஒத்தாசை செய்த பெருமையோடு.

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சிரிப்புதான் முந்தியது. தாளிக்காத ஒன்றை ஆம்பிளைகளுக்குக் கட்டிக்கொடுக்க நம் பெண்களுக்குக் கை வராது, எனக்கும் முதல் வருடம் வரவில்லை. ரோசா வீட்டிலிருந்து வாங்கிவந்த சால்சாவை என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கடுகு போட்டு வதக்கியிருக்கிறேன். ஆனால் வெயிலைப் பற்றி அண்ணி சொன்னது நியாயம். அதனால் காய்களை அரியாமல் முழுதாக அனுப்புவது, சாப்பிடும் நேரத்தில் யாராவது அங்கேயே அரிந்துகொள்வது என்று பேசி முடித்தோம்.

அன்று தொக்கும் திரும்பி வந்திருந்தது, ஒரு விரல்கூடத் தொடாமல். கேரியரைக் கழுவப் போட்டபோதுதான் நான் இன்னொன்றைக் கவனித்தேன். ஊறுகாய்க்கு இரண்டு சின்ன எவர்சில்வர் டப்பாக்கள். இரண்டும் துடைத்துவைத்தது போலக் காலி.

அந்த வீட்டிலேயே வளர்ந்தும் நான் கவனித்திராதது. எதற்கு இரண்டு என்று கேட்டேன். ஒன்று நைனாவுக்கு, இன்னொன்று தரணி பெரியப்பாவுக்கு என்றாள் அண்ணி. பூண்டு போடாத ஊறுகாய். அம்மா முப்பது வருடமாக இப்படித்தான் அனுப்பினாள், அத்தை செய்ததை நான் நிறுத்தலாமா என்றாள்.

5

தரணி பெரியப்பா எங்களுக்கு உறவில்லை. நைனாவைவிட இரண்டு வயது பெரியவர், மேல்சித்தாமூரில் ஜைனக் குடும்பம். வேர்க்கடலை வியாபாரம். எங்கள் பக்கத்தில் அதை மல்லாட்டை என்போம். மல்லாட்டைக்குச் சாக்கு வேண்டும், சாக்குக்கு எங்கள் கடை. அப்படி ஆரம்பித்த சிநேகிதம். நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து காலை பஸ்ஸில் செஞ்சிக்கு வருவார், மத்தியானம் எங்கள் கடையில் உட்கார்ந்து நைனாவோடு சாப்பிடுவார், பொழுது சாய்வதற்குள் வீட்டில் இரவுச் சாப்பாட்டை முடிக்க வேண்டும் என்று நாலரை பஸ்ஸைப் பிடித்துவிடுவார். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதையும் தொட மாட்டார். அவர் சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வரும்.

மறுநாள் மத்தியானம் கயலைக் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போனேன். கோட்டைமேல் ஏறலாம் என்று அவள் நச்சரித்துக்கொண்டிருந்தாள். அது அங்கேதான் இருக்கும், எங்கேயும் போய்விடாது என்று இழுத்துக்கொண்டு போனேன். கடைக்கு உள்ளே, தார்ப்பாய் அடுக்குக்குப் பின்னால் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். எங்களை அவர்கள் பார்க்கவில்லை.

நைனா இரண்டு டப்பாவையும் திறந்தார். ஒன்றைப் பெரியப்பாவின் இலைப் பக்கம் நகர்த்தினார். பெரியப்பா அதை ஒரு விரலால் தொட்டு, வந்துவிட்டது என்பது போலத் தலையை ஆட்டி, மறுபடி நைனாவின் பக்கம் நகர்த்திவிட்டார். அதற்குப் பிறகு நைனா தன்னுடையதையும் சாப்பிட்டார், அவருடையதையும் சாப்பிட்டார்.

நான் எதையும் யோசிக்கவில்லை. நேராகப் போய் எதிரில் நின்று, தினமும் இரண்டு பங்கையும் நீங்கள்தான் தின்கிறீர்களா நைனா என்று கேட்டேன். கடைப்பையன்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே கேட்டுவிட்டேன். சாக்குமேல் மயங்கி விழுந்த மனுஷன், டாக்டர் சொன்னதற்கு இரண்டு மடங்கு உப்பை வேளை தவறாமல் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறார்.

பெரியப்பாதான் பேசினார்.

"அவன வையாத கொழந்த. தப்பு என்னுது. எங்கூட்ல ஊறுகாயே ஆவாது. அன்னிக்குச் செஞ்சத அன்னிக்கே துன்னுடணும், போட்டு வெச்சது எதுவும் கூடாது. பூண்டு மட்டும்தான் ஆவாதுன்னு உங்கம்மா நெனச்சிட்டாங்க. எனக்குன்னு தனியா அம்பது பழம் அரிஞ்சி, பூண்டு போடாம, வெய்யில்ல காய வெச்சி அனுப்பிட்டாங்க. அத எப்படி வேணாங்கறது."

அந்த முதல் டப்பாவைத் திருப்பி அனுப்பினால் அம்மா மனசு உடைந்துபோகும் என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அந்த ஒரு ஜாடி தீரும்வரை நைனாவே இரண்டையும் சாப்பிட்டுவிடுவது, பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். ஜாடி தீர்ந்ததும் அம்மா எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறாள். பெரியப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று நைனா சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அடுத்த ஜாடி தயார். அது முப்பது வருடம் ஓடியிருக்கிறது.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறதே, அண்ணியிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அப்போதுதான் நைனா வாயைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சொன்னா, அப்ப அத்த போட்டதெல்லாம் யாரு துன்னதுன்னு அவ கேப்பா. உங்கம்மா ஏமாந்துட்டான்னு ஊரு சிரிக்கணுமா? அதுவுமில்லாம, ரெண்டு டப்பா வந்தாத்தான் உங்கம்மா குடுத்தனுப்பினா மாதிரி இருக்குதும்மா."

அதுவரை நான் பிடிவாதம் என்று நினைத்தது பிடிவாதமே இல்லை. அம்மாவின்மேல் நைனாவுக்கு இவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கூட நான் கேட்டதில்லை. அங்கேயே ஒரு கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்து அழுதேன். கயல் ஒன்றும் புரியாமல் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் தெளிந்ததும், சரி, சால்சாவை ஏன் தொடவில்லை என்று கேட்டேன். அதற்கு நைனா, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். தரணி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது பச்சை வெங்காயத்தைத் திறந்து வைப்பார்களா என்றார். முப்பது வருடமாக அந்த மத்தியானச் சாப்பாட்டில் அவர் வெங்காயம் எடுத்து வந்ததே இல்லையாம். சாம்பாரில்கூட. அம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து அறிவுரையோடு வந்த எனக்குத்தான் தெரியவில்லை.

6

அன்று ராத்திரி அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நைனா சொல்ல வேண்டாம் என்றுதான் சொன்னார், ஆனால் அவள் சொல்லித்தான் நான் வந்தேன், அவளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வருடம் எலுமிச்சை அரிந்த கை அவளுடையது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். ஊரைக் கூட்டிச் சிரிப்பாள் என்று நைனா பயந்தார். அவள் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. அடுக்களை விளக்கை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

"அத்தைக்குத் தெரியாமயே போனது நல்லதுதான். நாளைக்கு இன்னா அரியணும், சொல்லு" என்றாள்.

இரண்டு பேரும் யோசித்தோம். வெங்காயம் இல்லாமல் சால்சாவுக்கு அந்தக் காரமும் கடிபடும் தன்மையும் எங்கிருந்து வரும்? அண்ணிதான் மாங்காயைச் சொன்னாள். பிறகு வெள்ளரிப்பிஞ்சு. பிறகு, வறுத்து ஒன்றிரண்டாக இடித்த மல்லாட்டை. ரோசா வீட்டிலும் ஒருவகைச் சால்சாவில் வேர்க்கடலை போடுவார்கள், எனக்கு அது மறந்தே போயிருந்தது. தக்காளி, மாங்காய், வெள்ளரி, பச்சை மிளகாய், கொத்துமல்லி, எலுமிச்சை, இரண்டு விரல் உப்பு, மேலே மல்லாட்டை. வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, எண்ணெய் இல்லை, நேற்று மீந்தது எதுவும் இல்லை. சொல்லிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஊறுகாய் எந்தக் காரணத்துக்காகப் பெரியப்பாவுக்கு ஆகாதோ, அதே காரணத்துக்காக இது அவருக்கு ஆகும்.

மறுநாள் மத்தியானம் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை. கயல் ஒரு கத்தியும் பலகையும் எடுத்துக்கொண்டாள். சாக்குக் கட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கிழவர்களின் எதிரில் அவள்தான் அரிந்தாள். ரோசா வீட்டில் பழகிய கை, தக்காளி ஒன்றுகூட நசுங்கவில்லை. மல்லாட்டை பெரியப்பாவின் மூட்டையிலிருந்தே வந்தது. மண்ணுக்கு அடியில் விளைவது கூடாது என்றால் இது மட்டும் எப்படி என்று அவள் என்னை ஆங்கிலத்தில் கேட்க, நான் பெரியப்பாவுக்குச் சொன்னேன். அது கிழங்கில்லை, கொட்டை, இதைக்கூடவா உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை என்று அவர் அவளிடம் தமிழில் கேட்டார். அவளுக்கு அது எப்படியோ புரிந்துவிட்டது.

பெரியப்பா மற்ற கேள்விகளையும் கேட்டார். எப்போது வாங்கிய தக்காளி, கத்தி வெங்காயம் பட்ட கத்தியா, பலகை புதிதா. கத்தி புதிது, பலகை புதிது, இரண்டும் இன்று காலையில்தான் பாத்திரக் கடையில் அண்ணி வாங்கியது என்றேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மாட்டேன் என்றால் நைனாவும் தொட மாட்டார் என்று எனக்குத் தெரியும். என் மூன்று வாரத்தில் ஒரு வாரம் போய்விட்டது. பெரியப்பா இலையில் ஓரமாக இடம் ஒதுக்கினார். கயல் இரண்டு கரண்டி வைத்தாள்.

அவர் சாப்பிட்டார். மென்று முடிக்க நேரம் எடுத்துக்கொண்டார், பல் அப்படி. பிறகு நைனாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஏம்ப்பா, உன் ஊட்டுச் சோத்துல இன்னிக்குத்தான் கை வெக்கறேன்."

நைனா தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கயலிடம் தன் இலையைக் காட்டினார்.

இருந்த மிச்ச நாளெல்லாம் மத்தியானம் எங்களுக்கு அங்கேதான். கோட்டையைப் பார்க்கக் கடைசி வரை நேரம் கிடைக்கவில்லை, கயல் அதைப் பற்றி மறுபடி கேட்கவுமில்லை. அவளுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் என்ன மொழி ஓடியது என்று எனக்குத் தெரியாது. காரம் போதுமா என்று அவள் கேட்பதும், இன்னொரு மிளகாய் என்று அவர் விரலைக் காட்டுவதும் நன்றாகவே நடந்தது. அவள் சித்தாமூர்த் தாத்தா, சித்தாமூர்த் தாத்தா என்று கூப்பிடுவதை, கணக்கு எழுதுவது போல் குனிந்துகொண்டு நைனா கேட்டுக்கொண்டிருப்பார்.

நாங்கள் கிளம்பிய பிறகு அந்தக் கத்தியும் பலகையும் கடையிலேயே தங்கிவிட்டன. காலையில் அண்ணி காய்களைக் கழுவித் துடைத்து முழுதாக அனுப்புகிறாள். நைனா அரிகிறார். வாழ்நாளில் ஒரு மிளகாய் அரியாத மனுஷன்.

7

இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஊறுகாய் வீட்டில் அடியோடு ஒழிந்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிடும்போது ஒரு துண்டு கேட்கிறாராம், அண்ணி அரைத் துண்டு வைக்கிறாளாம். ஆனால் மத்தியானம் கடைக்கு ஊறுகாய் போவதில்லை. ரத்தக் கொதிப்பு இறங்கியிருக்கிறது, மயக்கம் மறுபடி வரவில்லை. அது சால்சாவாலா ஊறுகாய் நின்றதாலா என்று டாக்டரைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வார். எனக்கு அதில் வழக்கு இல்லை.

பள்ளி ஆசிரியைக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன் என்றேன் அல்லவா, அந்தப் பாதிக்கே அவர் வெங்காயம் போடாத சால்சாவைச் செய்து பார்க்கிறேன் என்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தாத்தாவுக்கு நீயே சொல் என்று செஞ்சிக்கு அழைத்துக் கயலிடம் கொடுத்தேன். அங்கே விடிந்து, நைனா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தாத்தா, சால்சா, ஸ்கூல், டீச்சர் ஹேப்பி என்று தனக்கு வந்த தமிழில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவள் என்னிடம் கொடுத்தாள்.

நைனாவுக்கு அமெரிக்க ஆசிரியையின் சந்தோஷத்தில் அக்கறை இல்லை. அவருக்கு வேறொரு மனக்குறை இருந்தது. அண்ணியிடம் சொன்னால் வேலை வைப்பது போல இருக்கும் என்று என்னிடம் சொல்லக் காத்திருந்தாராம்.

"நீ உங்க அண்ணிகிட்ட கொஞ்சம் சொல்லும்மா. ஒருத்தருக்குக் காணற மாதிரிதான் காய் அனுப்பறா. நான் அரிஞ்சி முடிக்கறதுக்குள்ள தரணி அண்ணன் எடுத்து இலையில போட்டுக்கறாரு, எனக்கு ஒண்ணும் மிச்சம் வெக்கறதில்ல. நாளையிலேர்ந்து ரெண்டு பங்கா அனுப்பச் சொல்லு."

சொல்கிறேன் நைனா என்றேன். அவருக்கு அது கேட்கவில்லை. லைன் சரியில்லை என்று நினைத்து அவர் இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார், ரெண்டு பங்கு, ஒண்ணு அவருக்கு.